மரத்திடம் வழி சொன்னவள்

பூங்காவனத்துக்குக் காலில் சக்கரம் என்பார்கள் எங்கள் வெள்ளானூரில். சொல்கிறவர்கள் யார் என்று பாருங்கள்: பிறந்த தெருவிலேயே பெண் கட்டி, அந்தத் தெருக்கோடிச் சுடுகாட்டுக்கே போய்ச் சேருகிறவர்கள். அவர்களுக்கு ஆவடி வரை நடந்து போகிறவள் எல்லாம் நாடோடிதான். ஆனாலும் அவளுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது என்பது மெய். என் இடது கையில் அவள் குத்திய பச்சைக் கோலத்தைப் பார்த்தாலே தெரியும். ஒரு கோடு கோணலாகப் போகும். பாதி குத்தும்போதே ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் ஏரிக்கரையைப் பார்த்துவிட்டு வந்தாள். "யாரோ வர்றாப்ல இருந்துச்சு" என்றாள். யாரும் வரவில்லை.

அப்படிப்பட்டவள், நான் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷத்திலிருந்து யுத்தம் வரைக்கும் ஒரே புளியமரத்தடியை விட்டு நகரவில்லை. ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து போகிற கலங்கல் ஓரத்து மரம் அது. அதை ஒட்டித்தான் என் மாமனாரின் நிலம். அதனால் அவளை நான் பார்த்த அளவுக்கு இந்த ஊரில் வேறு யாரும் பார்த்ததில்லை. அவள் நகராமல் கிடந்ததற்குக் காரணம் ஒரு கிராமபோன் பிளேட்டு.

அவள் உப்பு விற்கும் குறவர் கூட்டத்தில் பிறந்தவள். கழுதை மேல் உப்புப் பொதி ஏற்றிக்கொண்டு கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போவார்கள். திரும்பும்போது தானியம் கொண்டு வருவார்கள். ரயில் வந்தது, உப்பு ரயிலில் ஏறிப் போய்விட்டது. பிறகு கூடை முடைந்தார்கள், பச்சை குத்தினார்கள், குறி சொன்னார்கள். அதுவும் பொறுக்காமல், அவர்களைப் போல அலைகிற கூட்டங்களைப் பிறவித் திருடர்கள் என்று சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. தூளியில் கிடக்கிற பிள்ளையைத் திருடன் என்று எழுத எவனுக்குக் கை வந்ததோ, அவன் கை விளங்காமல் போக என்று நான் இன்றைக்கும் சபிப்பதுண்டு.

பூந்தமல்லிக்கு வெளியே அவர்கள் கூடாரம் போட்டிருந்தபோது போலீஸ் வந்து கூட்டத்தையே வளைத்துக்கொண்டு போயிற்று. பூங்காவனம் அன்றைக்குத் திருவேற்காட்டில் யாருக்கோ நல்ல காலம் பிறக்கப் போகிறதென்று குறி சொல்லிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது அடுப்புக் கல்லும், மேயப் போயிருந்த ஒரு கழுதையும்தான் மிச்சம். புருஷனும், பால்பல்கூட விழாத மகன் முனியனும் போய்விட்டார்கள்.

விசாரித்து விசாரித்து, அவர்களை அடைத்துவைத்திருந்த செட்டில்மெண்டு என்கிற சர்க்கார் பட்டியின் வேலியோரம் வரை போனாள். உள்ளேயிருந்த ஒருத்தி சொன்னாள்: புருஷன் ஜுரத்தில் செத்துப்போனான், பையனை வேறொரு செட்டில்மெண்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார்கள், எந்த ஊர் என்று தெரியாது. தானே போய் மாட்டிக்கொள்ளலாமா என்றுகூட நினைத்தாளாம். ஆனால் எந்தப் பட்டியில் அடைப்பார்களோ? அடைத்த பிறகு பிள்ளையைத் தேடுவது யார்? ஆகவே தெலுங்கு தேசத்துக்காரி என்று பொய் சொல்லிக்கொண்டு, கழுதையோடு ஊர் ஊராக நடந்தாள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம். ஓரிடத்தை விட்டுக் கிளம்பும்போது மூத்த பொம்பளை கடைசியாக நின்று, தங்கியிருந்த மரத்தைப் பார்த்து, அடுத்து எங்கே தங்கப் போகிறோம் என்று தங்கள் பேச்சில் உரக்கச் சொல்லிவிட்டுத்தான் புறப்படுவாள். பின்தங்கி வருகிறவர்களுக்காக. மரம் எப்படித் திருப்பிச் சொல்லும் என்று நான் ஒரு தடவை கேட்டேன். "நீங்க சாமிகிட்ட சொல்றீங்களே, அது திருப்பிச் சொல்லுதா?" என்று என்னையே மடக்கினாள். வேறு குறவர்களுக்கும் இந்த வழக்கம் உண்டா, இவர்களுக்கு மட்டும்தானா, எனக்குத் தெரியாது. மூத்தவர்கள் எல்லாம் பட்டிக்குள் போய்விட்டதால் பூங்காவனமே மூத்தவளானாள். விட்டுப் போகிற ஒவ்வொரு மரத்திடமும் மகனுக்கு வழி சொல்லிக்கொண்டே போனாள்.

அந்தப் பேச்சு வெளியார் காதில் விழக்கூடாது. விழுந்தால் யார் என்று தெரிந்துவிடும், போலீஸ் வரும். ஆக, மரத்தை விட்டால் அதில் அவளோடு பேச மிச்சமிருந்தது அந்தக் கழுதை ஒன்றுதான். மாட்டிக்கொண்டதும் கழுதையால்தான்.

ஆடி ஞாயிறு, திருவேற்காட்டு மாரியம்மன் கோயில் கூட்டம். கழுதை யாருடைய பூக்கூடையிலோ வாயை வைத்துவிட்டது. பூங்காவனத்துக்கு வந்ததே கோபம்! அத்தனை ஜனங்களுக்கு நடுவில் தங்கள் பேச்சிலேயே அதைத் திட்டித் தீர்த்துவிட்டாள். தமிழில் திட்டினால் கழுதைக்கு விளங்காது என்பது அவள் நியாயம்.

பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தவர் வீரராகவன். பூந்தமல்லிக்காரர்; பட்டணத்தில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. ராஜதானி முழுக்க யார் யார் என்னென்ன பாஷை பேசுகிறார்கள் என்று பிளேட்டில் பதிந்துவைக்க ஒரு துரை வந்திருந்தார். ஆள் பிடித்துக் கொடுப்பது வீரராகவன் வேலை. மலையில் இருக்கிறவர்கள் பேச்சுக்கெல்லாம் ஆள் கிடைத்துவிட்டது. குறவர் பேச்சுக்கு மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஏன் திறப்பார்கள்?

அவர் கிட்டே வந்ததும் பூங்காவனம் ஓட்டம் பிடித்தாள். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவரும் ஓடினார்.

"ஓடாதேம்மா! நான் போலீஸ் இல்லே!"

"போலீஸ் இல்லாதவன் எதுக்கு சாமி தொரத்திகினு வர்றே?"

கூவம் ஆற்று மணலில் அவர் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார். அவர் நிலைமையைப் பார்த்துப் பாவம் என்று அவளே நின்றாள். அவர் விஷயத்தைச் சொன்னார். "அழிஞ்சு போற பேச்சும்மா. பதிஞ்சு வெச்சா நூறு வருஷம் நிக்கும்."

"அதுவா அழிஞ்சு போவுது? செட்டில்மெண்டுல எங்க பசங்க அதுல பேசினா பிரம்பால அடிக்கிறாங்களாமே, அது இன்னா?"

"அது வேற டிபார்ட்மெண்டு" என்றார் வீரராகவன்.

அவள் கழுதையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். நாலு அடி வைத்தவள் திரும்பினாள். "அந்தப் பிளேட்டு எங்கெல்லாம் போவும்?"

"சீமைக்குப் போகும். கல்கத்தாவுக்குப் போகும். செட்டில்மெண்டுங்களுக்கும் அனுப்புவாங்க, அங்க இருக்கற ஆபீசருங்க உங்க பேச்சைக் கத்துக்கணுமே."

"எல்லா செட்டில்மெண்டுக்கும்?"

"எல்லாத்துக்கும்."

"அப்ப வர்றேன்" என்றாள் பூங்காவனம். சட்டென்று ஏன் மனசு மாறினாள் என்று அவருக்கு விளங்கவில்லை. மகன் எந்த செட்டில்மெண்டில் இருந்தாலும் அவன் காதில் அம்மா குரல் விழும் என்று அவள் கணக்குப் போட்டது அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தச் சமயம் கழுதைக்குக் குளம்பில் புண் வந்தது. அதற்காகத்தான் எங்கள் கலங்கல் புளியமரத்தடியில் தங்கினாள். புண் ஆறியதும் கிளம்பிவிடுவதாக இருந்தாள். பட்டணத்துக்கு ரயிலில் வா என்று வீரராகவன் கூப்பிட்டதற்கு, "எங்க பொழப்புல மண்ணைப் போட்டதே அதுதான்" என்று சொல்லிவிட்டு நடந்தே போனாள்.

எல்லாப் பாஷைக்காரர்களும் ஒரே கதையைச் சொல்லவேண்டும் என்பது அங்கே ஏற்பாடு. வீரராகவன் அதை அவளுக்குத் தமிழில் சொன்னார். ஒரு குடியானவன் மகன் கோபித்துக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போய்விடுகிறான். பல வருஷம் அங்கே கஷ்டப்பட்டுவிட்டு ஒருநாள் வீடு திரும்புகிறான். அப்பன் சந்தோஷப்பட்டு ஊருக்கே சோறு போடுகிறான்.

"அந்த அப்பன் தேடிகினு போவலியா சாமி?"

"கதையில அது இல்லே."

"இடிச்ச புளியாட்டம் ஊட்லயே குந்திகினு இருந்தானா? இவன் இன்னா அப்பன்!"

"நீ கதையை மட்டும் சொல்லும்மா."

பெரிய ஊமத்தம்பூ மாதிரி ஒரு குழல். அதற்குள் முகத்தை நீட்டி, அசையாமல், உரக்கப் பேசவேண்டும். பூங்காவனமாவது, அசையாமல் நிற்பதாவது! இந்தப் பக்கம் சாய்ந்தாள், அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாள். துரைக்கு மெழுகுத் தட்டுகள் வீணாயின. கடைசியில் வீரராகவன் பின்னால் நின்று அவள் தோள் இரண்டையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். அவள் பேசினாள். சர்க்கார் கதையை அல்ல.

"முனியா, உன் அம்மா பேசுகிறேன். ஆவடியில் ரயில் நிற்கிற இடத்திலிருந்து வடக்கே வா. வெள்ளானூர் ஏரி. கலங்கல் ஓரம் ஒரே ஒரு புளியமரம், பக்கத்தில் இரட்டைப் பனை. அங்கேதான் இருக்கிறேன், வா." தட்டு நிறைகிற வரைக்கும் இதையே திரும்பத் திரும்பச் சொன்னாளாம். ஊர்ப் பெயர்களுக்குக்கூட அவர்கள் பேச்சில் வேறு சொல்; அந்த அறையில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. துரை திருப்தியாகத் தலையாட்டினார்.

கழுதைக்குப் புண் ஆறியது. மூட்டையைக் கட்டி ஏற்றிவிட்டு, வழக்கம்போல மரத்துக்கு எதிரே நின்று அடுத்த இடத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. இந்த மரத்திடம் சொல்லலாம். பிளேட்டிடம் யார் சொல்வது? பூந்தமல்லிக்கு ஓடினாள்.

"சாமி, நான் வேற எடம் போறேன். பிளேட்டுல மாத்திச் சொல்லணும்."

"என்னத்தை மாத்தணும்?"

"மரத்தை."

"கதையில மரமே இல்லையேம்மா!"

அப்புறம்தான் அவள் விஷயத்தை உடைத்தாள். வீரராகவன் எழுந்துபோய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார். சர்க்கார் கதைதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு எப்போதோ அனுப்பிவிட்டார். துரையும் இயந்திரமும் கல்கத்தா போய்ச் சேர்ந்தாயிற்று. "பதிஞ்சது பதிஞ்சதுதான். பிரம்மாவாலயும் இனிமே மாத்த முடியாது. வெளியே சொல்லிடாதேம்மா, என் உத்தியோகம் போயிடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மரத்திடம் சொன்ன சொல் அடுத்த மரம் வரைக்கும்தான் செல்லும். அவர்கள் சொன்ன எந்தச் சொல்லும் அதற்கு மேல் நின்றதில்லை. நிற்கிற சொல்லைச் சொல்லிவிட்டோம் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. வயலுக்குச் சோறு கொண்டுபோன புதுப்பெண் நான். மூட்டையை மறுபடி அவிழ்த்துப் போட்டுவிட்டு அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுததைப் பார்த்தேன். "அந்தக் கதையில வர்றவனை இன்னா அப்பன்னு கேட்டேனே, இப்ப என்னையே அவனாட்டம் குந்த வெச்சுட்ச்சு அந்தப் பிளேட்டு" என்றாள். என்ன சொல்கிறாள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. இருந்தாலும் அழுகை வந்தது. பிறந்த வீட்டை விட்டுவிட்டு, இனி இங்கேதான் என்று வந்த புதுசு எனக்கு.

அதற்குப் பிறகு அவள் பட்ட அவஸ்தை இருக்கிறதே! கலங்கலிலிருந்து மதகு வரை நடப்பாள், மதகிலிருந்து கலங்கல் வரை நடப்பாள். மரம் கண்ணை விட்டு மறையும் தூரத்துக்கு மட்டும் போகமாட்டாள். கரையில் அவள் நடந்த தடத்தில் புல் முளைக்கவில்லை. திருவேற்காட்டுத் திருவிழாவுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள் கூப்பிட்டால், பாதை வளைகிற இடம் வரைக்கும் கூடவே வந்து நின்றுவிடுவாள். வண்டி போன பிறகும் காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நிற்பாள்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. ஒரு தடவை ஆடு காணாமல் போனதும் குறத்திதான் என்று கத்திக்கொண்டு போய் அவள் குடிசையைப் பிய்த்தார்கள். அதில் என் மாமனாரும் ஒருவர். ஆடு மறுநாள் கருவேல முள்ளில் கொம்பு மாட்டிக் கிடைத்தது. வைவதற்கு ஊருக்கே வாய் இருந்தது. தப்பு என்று சொல்ல ஒரு வாயும் இல்லை. வேறு யாராக இருந்தாலும் போய்த்தொலையட்டும் இந்த ஊர் என்று போயிருப்பார்கள். அவள் ஓலையைப் பொறுக்கி அதே இடத்தில் மறுபடி கட்டினாள்.

கழுதை செத்தபோது அவள் ஒப்பாரி வைத்தாள், ஊர் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பேச்சைக் கேட்கிற கடைசிக் காது அது. பிறகு மரத்தோடுதான் பேசினாள், மரத்தோடுதான் சண்டை போட்டாள்.

ஒரு தை மாசம் கிழவனும் கிழவியுமாக இரண்டு பேர் கரை மேல் வந்தார்கள். "ரெட்டைப் பனைக்குப் பக்கத்துல புளியமரம், அது இதுதானாம்மா?" என்று என்னைத்தான் கேட்டார்கள். கையைக் காட்டினேன்.

அவர்கள் ஒரு செட்டில்மெண்டிலிருந்து விடப்பட்டவர்கள். அங்கே ஏதோ விசேஷ நாளில் பொரிகடலை கொடுத்து எல்லோரையும் உட்கார வைத்து, மேனேஜர் துரை அந்தப் பிளேட்டைப் போட்டாராம். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றுவிட்டார்களாம். பொம்பளைகள் வாய்விட்டு அழுதார்களாம். வீடு திரும்பிய மகன் கதை இவர்கள் மனசைக் கரைத்துவிட்டது என்று துரைக்கு ஒரே ஆனந்தம். விசேஷத்துக்கு விசேஷம் அதையே போட்டாராம். போடப் போட எல்லோருக்கும் வழி மனப்பாடமாகிவிட்டது.

முனியன் அங்கே இல்லை. அது தெரிந்ததும் பூங்காவனம் அவர்களைத் தங்கள் பேச்சில் பிடித்துக்கொண்டாள். திட்டு என்று தெரிய பாஷை தெரியவேண்டுமா? பிறகு எனக்குத் தமிழில் சொன்னாள்: "முனியான்னுதானே கூப்ட்டேன், உங்களையா கூப்ட்டேன்னு கேட்டேன். வழி சொன்னவ நீ ஒருத்திதான், வேற எங்க போறதுன்னு கேக்குது அந்தக் கெயவி. நான் இன்னா சொல்ல?" அன்றைக்கு அவர்களுக்கும் சேர்த்து அவள்தான் கஞ்சி காய்ச்சினாள்.

பிறகு இன்னும் சிலர் வந்தார்கள். வேறு வேறு செட்டில்மெண்டுகளிலிருந்து, விடப்பட்டவர்களும், சொல்லாமல் வந்துவிட்டவர்களும். ஒவ்வொருவரிடமும் முதலில் மகனைக் கேட்பாள். இல்லை என்றதும் திட்டுவாள். பிறகு ஓலை கொடுப்பாள். கலங்கல் ஓரம் குடிசைகள் வரிசை பிடித்தன. வேலையை விட்டு ஓய்ந்த வீரராகவன் ஒருநாள் பூந்தமல்லியிலிருந்து வந்து கரை மேல் நின்று அவர்கள் பேச்சைக் கேட்டார். கண்ணில் தண்ணீர். "என்ன கதை சொல்றாங்கம்மா?" என்று என்னைக் கேட்டார். "குழம்புக்கு உப்பு போதலேன்னு சண்டையாம்" என்றேன்.

யுத்தம் வந்தது. ஆவடியைச் சுற்றி மிலிடரி நிலத்தை எடுத்துக்கொண்டது. எங்கள் நிலத்திலும் ஒரு துண்டு போயிற்று. கலங்கல் ஓரத்தைக் காலி செய்ய உத்தரவு. புளியமரத்தை வெட்டுவதற்கு அடையாளமாகச் சுண்ணாம்பு பூசினார்கள். மற்றவர்கள் செங்குன்றம் ஏரிப் பக்கம் கிளம்பிவிட்டார்கள். பூங்காவனம் அசையவில்லை.

"மரம் பூட்டா பிளேட்டு பொய்யாப்பூடும்" என்றாள். மகன் உயிரோடு இருந்தால் இந்நேரம் வந்திருக்க மாட்டானா என்று நான் கேட்டுவிட்டேன். மண்ணாங்கட்டியை எடுத்து என் மேல் வீசினாள். எனக்குக் கோபம் வரவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் காக்கி அரைக்கால்சட்டை போட்ட ஒருவன் கரை மேல் வந்தான். நல்ல உயரம், காதோரம் நரை தட்டத் தொடங்கியிருந்தது. மரம் வெட்ட வந்த கண்டிராக்டர் ஆள் என்று நான் நினைத்தேன். அவளும் அப்படித்தான் நினைத்தாள். கையில் மண்ணாங்கட்டியோடு மரத்துக்கு முன்னால் போய் நின்று, ஒரு காலத்தில் கழுதையைத் திட்டியதுபோல, தங்கள் பேச்சிலேயே திட்டத் தொடங்கினாள். அவன் கேட்டுக்கொண்டே நின்றான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, நாக்கை மடித்து அண்ணத்தில் தட்டி ஒரு சத்தம் எழுப்பினான்.

ஓடுகிற கழுதையை நிறுத்த அந்தக் கூட்டத்துப் பிள்ளைகள் எழுப்புகிற சத்தம் அது. பூங்காவனத்தின் கையிலிருந்து மண்ணாங்கட்டி விழுந்துவிட்டது.

"அந்தப் பேச்சு மறந்துபூட்ச்சும்மா" என்றான் முனியன். "அடிச்சே மறக்க வெச்சுட்டாங்க. கழுதைக்குச் சொல்றது ஒண்ணுதான் கீது." வடக்கே எங்கோ ரயில் பாதை வேலையில் இருந்தானாம். பிளேட்டைக் கேட்டிருந்த கிழவர் ஒருவர், ஒரு சந்தையில் அவன் பெயர் காதில் விழுந்ததும், நீதான் அந்த முனியனா என்று கேட்டு, வழியைத் தமிழில் சொல்லி அனுப்பினாராம்.

அவள் அவனைக் கட்டிக்கொண்டாள். பிறகு அடித்தாள். பிறகு மறுபடி கட்டிக்கொண்டு தங்கள் பேச்சில் ஏதோ சொன்னாள், அவன் விழித்தான், அதையே தமிழில் சொன்னாள். இத்தனை வருஷம் காத்துக் கிடந்துவிட்டுப் பெற்ற பிள்ளையிடம் வேறு பாஷையில் பேசவேண்டி வந்ததே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. இருட்டுவதற்குள் மூட்டையைக் கட்டிவிட்டாள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டாற்போல அவ்வளவு அவசரம்.

மரத்துக்கு எதிரே போய் நின்றாள். சுண்ணாம்பு அடையாளத்தைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இத்த வெட்டிடுவானுங்க. நீ இங்கியேதானே கீறே? நீ சொல்லு."

"யார்கிட்ட சொல்ல?"

"இன்னும் எவனாச்சும் வருவான், பிளேட்டைக் கேட்டுகினு."

தமிழில் சொன்னால் ஆகாதா என்றேன். "தமிழ்ல சொன்னா போலீசுக்கும் வெளங்குமே" என்றாள். செங்குன்றத்துக்கு வழி சொல்கிற அந்த ஒரு வாக்கியத்தை அவர்கள் பேச்சில் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். எனக்குப் பக்கத்தில் நின்று முனியனும் சொன்னான். அவன் என்னைவிட மோசம். அவள் இரண்டு பேர் தலையிலும் குட்டினாள். எனக்குத் தப்பில்லாமல் வருகிறது என்று தோன்றியதும், நின்றுகூடப் பார்க்காமல் நடந்தாள். அவன் பின்னாலேயே அதைச் சொல்லிக்கொண்டு போனான்.

மரத்தை அந்த வாரமே வெட்டினார்கள்.

போன மாசியில் ஒரு கிழவி, பேத்திகள் இரண்டு பேரோடு கரை மேல் வந்து நின்று இரட்டைப் பனையைப் பார்த்தாள், புளியமரத்தைத் தேடினாள். நான் வயலிலிருந்து ஏறிப்போய், வெட்டுப்பட்ட அடிமரத்தின் பக்கத்தில் நின்று, அந்த வாக்கியத்தை உரக்கச் சொன்னேன். கிழவி என் முகத்தையே பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு லட்சணம் என் உச்சரிப்பு. கண்ணைத் துடைத்துக்கொண்டு எனக்கு ஒரு சொல்லைத் திருத்தினாள். அப்புறம் பேத்திகளைக் கையில் பிடித்துக்கொண்டு, என்னை வேறொன்றும் கேட்காமல், செங்குன்றம் போகிற பாதையில் திரும்பினாள்.